ரவுட்டர் இல்லாமல் இணையம் வருமா?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். வீட்டில் இருப்பது ஒரே ஒரு மேசைக் கணினி. கைப்பேசிக்குத் தனியாக ரீசார்ஜ் செய்துகொள்கிறேன். சென்ற வாரம் ஃபைபர் இணைப்பு எடுத்தேன். சுவரில் சிறிய வெள்ளைப் பெட்டி ஒன்றை மாட்டிய இளைஞர், "இதோடு ரவுட்டரும் வாங்கினால்தான் நெட் வரும்" என்று 2,200 ரூபாய் கேட்கிறார். கணினியை அந்தப் பெட்டியிலேயே நேராகச் செருகக் கூடாதா?
— ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: தாராளமாகச் செருகலாம். ஆனால் பணம் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பதற்கு முன், அந்த வெள்ளைப் பெட்டியைச் சற்றுத் திருப்பிப் பாருங்கள். நம் ஊரில் ரவுட்டர் வாங்குகிறவர்களில் பலர் இதைச் செய்வதில்லை. வீட்டில் ஏற்கெனவே ஒரு ரவுட்டர் இருக்கும்போதே இன்னொன்றை வாங்கி வைக்கிறார்கள்.

அடிப்பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதில் வைஃபை பெயர், அதற்கான கடவுச்சொல், 192.168.1.1 போன்ற ஓர் எண் ஆகியவை அச்சிடப்பட்டிருந்தால் அந்தப் பெட்டி வெறும் மோடம் (வெளியிலிருந்து வரும் இணைப்பைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கருவி) அல்ல. மோடமும் ரவுட்டரும் ஒரே கூட்டுக்குள் இருக்கின்றன. பின்புறம் லேன் 1, லேன் 2 என்று கணினி ஒயரைச் செருகும் துளைகள் வரிசையாக இருப்பதும் அதே கதைதான். அப்படியானால் 2,200 ரூபாயைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லேன் கேபிளை வாங்கி, ஒரு முனையை லேன் 1 துளையிலும் மறுமுனையைக் கணினியிலும் செருகினால் வேலை முடிந்தது.

ஸ்டிக்கரில் வரிசை எண்ணைத் தவிர வேறொன்றும் இல்லை, பின்னால் ஒரே ஒரு லேன் துளைதான் என்றால் அது வெறும் மோடமாக இருக்க வாய்ப்பு அதிகம். கண்ணாடி இழையில் வரும் ஒளியைக் கணினிக்குப் புரியும் மின் சமிக்ஞையாக மாற்றித் தருவது அதன் வேலை. ரவுட்டரின் வேலை வேறு. நிறுவனம் கொடுக்கும் ஒரே இணைய முகவரியை வீட்டிலுள்ள பல கருவிகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது அது. உங்கள் வீட்டில் பங்கு கேட்க இரண்டாவது ஆளே இல்லை. எனவே ரவுட்டர் இல்லாமலும் உங்கள் கணினியில் இணையம் வரும்.

இந்த இரண்டாவது வகையில் ஒரு சிறு நுணுக்கம் உண்டு. பல நிறுவனங்கள் இணைப்புக்கு ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுக்கின்றன. மாட்ட வருகிறவர் அவற்றை ரவுட்டரில் தட்டிவிட்டுப் போய்விடுவார், வீட்டுக்காரர் கண்ணில் அவை படுவதே இல்லை. நேராக இணைக்கும்போது கணினியே அந்த வேலையைச் செய்ய வேண்டும். விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், டயல்-அப் என்பதைத் திறந்து, புதிய இணைப்பு அமைக்கும் வரியைத் தொட்டு, பிராட்பேண்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்திலேயே பி.பி.பி.ஓ.இ. (PPPoE) என்று போட்டிருக்கும். அங்கே பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் இட்டால் போதும். ஆகவே அந்த இளைஞர் படியிறங்குவதற்குள் அந்த இரண்டையும் ஒரு தாளில் எழுதி வாங்கிவிடுங்கள். பிறகு வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்து, பாட்டுக் கேட்டுக்கொண்டே காத்திருந்து வாங்குவதைவிட அது எளிது.

இனி விற்பனை விஷயம். "எங்களிடம் ரவுட்டர் வாங்கினால்தான் இணைப்பு" என்று ஒருவர் நிபந்தனை போட்டால், அது பேரம் பேசித் தீர்க்கும் விஷயம் மட்டுமல்ல. ஒரு சேவையைப் பெறுவதற்கு வேறொரு பொருளையும் வாங்கியே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்பாடான வணிக நடைமுறைகளில் ஒன்றாகச் சொல்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கு அழைப்பதற்கு முன், நிறுவனத்திடமே எழுத்தில் கேளுங்கள்: "ரவுட்டர் இல்லாமல் இணைப்புத் தர மறுக்கிறீர்களா?" என்று ஒரு வரி மின்னஞ்சல். பெரும்பாலும் அந்த ஒரு வரிக்கே குரல் இறங்கிவிடும். ரவுட்டர் விற்றால் தனக்கு ஏதாவது கிடைக்கும் என்பதற்காக மாட்ட வந்தவர் சொன்னதை நிறுவனத்தின் விதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் அந்த வெள்ளைப் பெட்டியையும் கடையில் வாங்கிக்கொள்கிறேன் என்று மல்லுக்கு நிற்க வேண்டாம். அதன் வரிசை எண்ணை நிறுவனம் தன் மையக் கருவியில் பதிந்துவைத்தால்தான் ஒளியே உயிர் பெறும். கண்ட பெட்டியைக் கொண்டுவந்து மாட்டினால் ஓடாது. அதை நிறுவனம் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. அதற்கு டெபாசிட் வாங்கினால் ரசீது கேளுங்கள், ரசீதில் பெட்டியின் வரிசை எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். இணைப்பைத் துண்டிக்கும் நாளில் அந்த எண்தான் பேசும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். பெட்டிக்குள் வரும் மெல்லிய ஒயரின் முனையில் பச்சை நிறத் தலை இருக்கும். தூசு துடைக்கிறேன் என்று அதைக் கழற்ற வேண்டாம். அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் லேசர்தான். முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்ப்பது கூடாது. ஒயரைச் சுருட்டி ஆணியில் இறுக்கிக் கட்டினாலும் உள்ளே கண்ணாடி இழை முறியும். எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வரவில்லை என்று பொருள். அதற்குக் கணினியைக் குடைந்து பயனில்லை, நிறுவனத்தைத்தான் கூப்பிட வேண்டும்.

கேள்வி: எங்களுடையது கேபிள் டி.வி. ஒயர் வழியாக வரும் இணைய இணைப்பு. மோடத்தில் மகனின் மடிக்கணினியைச் செருகினால் இணையம் வருகிறது. அதே ஒயரைப் பிடுங்கி என் கணினியில் செருகினால் வருவதில்லை. என் கணினி பழுதாகிவிட்டதா?
— ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: கணினிமேல் பழி போடாதீர்கள். கணினியின் ஒவ்வொரு லேன் துளைக்கும் 'மேக் முகவரி' என்று பிறவி அடையாளம் ஒன்று உண்டு. கேபிள் மோடம்கள் பலவும் முதலில் செருகப்பட்ட கருவியின் அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு, அடுத்த கருவியை அந்நியனாகப் பார்க்கும். மகனின் மடிக்கணினியைக் கழற்றுங்கள். மோடத்தின் மின்சாரத்தை நிறுத்தி, இரண்டு மூன்று நிமிடம் விட்டு, உங்கள் கணினியைச் செருகிய பிறகு மோடத்தை மீண்டும் இயக்குங்கள். இந்த வரிசை முக்கியம். மோடத்தை இயக்கிவிட்டுப் பிறகு கணினியைத் தேடி ஓடினால் மறுபடியும் சிக்கல் வரலாம்.

அதற்கும் மசியவில்லை என்றால் பூட்டு மோடத்தில் இல்லை, நிறுவனத்தின் பக்கம் இருக்கிறது. சில கேபிள் நிறுவனங்கள் முதல் நாள் பதிவான மேக் முகவரியை மட்டும்தான் அனுமதிக்கின்றன. போன் செய்து, "மேக் முகவரியை மாற்றிப் பதிந்துகொள்ளுங்கள்" என்று சொன்னால் அவர்களுக்கு உடனே புரியும்.

வாரத்துக்கு இரண்டு முறை ஒயரை இப்படி இடம் மாற்றும் வீடு என்றால் உங்களுக்கு ரவுட்டர் தேவைப்படுகிறது, வாங்கிவிடுங்கள். சிக்கனம் வேறு, தினமும் கட்டிலுக்கடியில் குனிந்து ஒயர் பிடுங்குவது வேறு.

கேள்வி: ரவுட்டர் இல்லாமல் நேராக இணைத்தால் வைரஸ் புகுந்துவிடும், வங்கிக் கணக்கே போய்விடும் என்று கணினிக் கடைக்காரர் பயமுறுத்துகிறார். உண்மையா?
— ஒரு வாசகர், ஈரோடு

பதில்: இருபது ஆண்டுகளுக்கு முன் சொல்லியிருந்தால் அவர் கையைப் பிடித்துக் குலுக்கியிருப்பேன். 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற நச்சுநிரல் விண்டோஸ் எக்ஸ்பி, விண்டோஸ் 2000 கணினிகளைப் படாத பாடு படுத்தியது. எந்த மின்னஞ்சலையும் திறக்க வேண்டியதில்லை, எதையும் சொடுக்க வேண்டியதில்லை. பாதுகாப்பில்லாத கணினி இணையத்தில் சும்மா இருந்தாலே போதும், உள்ளே வந்துவிடும். அடுத்த ஆண்டு எக்ஸ்பிக்கு வந்த இரண்டாவது சர்வீஸ் பேக் என்ற திருத்தத் தொகுப்பில்தான் ஃபயர்வால் என்னும் தடுப்புச் சுவரை முன்கூட்டியே இயக்கிவைத்தே கொடுத்தார்கள். அன்றிலிருந்து நிலைமை வெகுவாக மாறியிருக்கிறது.

ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் கணினியை வெளியிலிருந்து யாரும் நேராகத் தட்ட முடியாது என்பது உண்மைதான். நேராக இணைக்கும்போது அந்த மறைவு போய்விடுகிறது. அந்த வேலையைக் கணினியில் இருக்கும் ஃபயர்வால் செய்ய வேண்டும். எனவே அதை எந்தக் காரணத்துக்காகவும் அணைக்காதீர்கள். "பிரிண்டர் ஓடவில்லை, ஃபயர்வாலை ஆஃப் செய்துவிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போகும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். அவர் கதவைத் தாண்டியதும் மறுபடி இயக்கிவிடுங்கள். இணைத்தவுடன் இந்த நெட்வொர்க் பொதுவா தனிப்பட்டதா என்று விண்டோஸ் கேட்டால், நம் வீடுதானே என்று தனிப்பட்டது என்பதைத் தொட்டுவிடாமல், பொது என்பதையே தேர்ந்தெடுங்கள். அப்போதுதான் உங்கள் கோப்புகளை மற்றக் கணினிகளுக்குக் காட்டாமல் வைத்திருக்கும்.

கடைக்காரரின் பயத்தில் நான் ஒப்புக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. 2017 மே மாதம் உலகை உலுக்கிய வானாகிரை என்ற நச்சுநிரல், அதற்கு இரண்டு மாதம் முன்பே மைக்ரோசாஃப்ட் வெளியிட்டிருந்த திருத்தத்தைப் போடாத கணினிகளில்தான் புகுந்தது. உங்களிடம் இருப்பது விண்டோஸ் 7 அல்லது அதற்கும் பழையது என்றால், மோடத்தில் நேராகச் செருகாதீர்கள். விண்டோஸ் 10க்கும் மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. நீட்டிப்புத் திட்டத்தில் பதிந்திருந்தால் அந்தக் காலம் வரை சமாளிக்கலாம், இல்லையென்றால் ரவுட்டர் வாங்குவதற்கு முன் கணினியைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். வங்கிக் கணக்கு விஷயத்துக்கும் ரவுட்டருக்கும் பெரிய தொடர்பு இல்லை. பெரும்பாலும் பணம் போவது ஓ.டி.பி.யை நாமே வாய்விட்டுச் சொல்வதால். எந்த ரவுட்டரும் அதைத் தடுக்காது.

கேள்வி: மடிக்கணினியில் லேன் துளையே இல்லை. யு.எஸ்.பி. வழியாக இணைக்க ஒரு சிறு கருவி வேண்டும் என்கிறார்கள். கூடவே 'கேட் 8' கேபிள்தான் வேகம் தரும் என்று கடையில் அதைக் காட்டுகிறார்கள். எங்கள் திட்டத்தின் இணைய வேகம் 200 எம்.பி.பி.எஸ். (Mbps).
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: யு.எஸ்.பி.யிலிருந்து லேனுக்கு மாற்றும் அடாப்டர் வேண்டும்தான். வாங்கும்போது பெட்டியில் 'கிகாபிட்' (அதாவது 1,000 எம்.பி.பி.எஸ்.) என்று எழுதியிருக்கிறதா, யு.எஸ்.பி. 3 வகையா என்று பாருங்கள். மலிவான சில அடாப்டர்கள் 100 எம்.பி.பி.எஸ். வரைதான் போகும். 200 எம்.பி.பி.எஸ். திட்டத்துக்கு மாதாமாதம் பணம் கட்டிவிட்டுப் பாதியை அடாப்டரில் விட்டுவிடுவது வீண்.

கேட் 8 வேண்டவே வேண்டாம். அது சர்வர் அறைகளில் 30 மீட்டருக்குள் பெரும் வேகத்துக்காக உருவான கேபிள். உங்கள் வீட்டுக்குக் கேட் 5இ அல்லது கேட் 6 போதும். கேட் 5இ 100 மீட்டர் தூரம் வரை 1,000 எம்.பி.பி.எஸ். கொண்டுபோகும். வகையை விட அதற்குள் இருக்கும் உலோகத்தைக் கேளுங்கள். முழுச் செம்பா, செம்பு பூசிய அலுமினியமா என்று. மலிவு ரகத்தில் 'சி.சி.ஏ.' என்று பொடி எழுத்தில் போட்டிருப்பது அலுமினியம். சில தடவை வளைத்தாலே உள்ளே முறியும்.

உங்கள் கண் முன்னாலேயே கேபிளை வெட்டித் தலை மாட்டித் தருகிற கடை என்றால், ஒளி ஊடுருவும் அந்தப் பிளாஸ்டிக் தலையை உற்றுப் பாருங்கள். எட்டுக் கம்பிகளும் முன் விளிம்பு வரை தெரிய வேண்டும். நான்கு கம்பியை மட்டும் மாட்டினாலும் இணையம் ஓடும், ஆனால் 100 எம்.பி.பி.எஸ்.ஸோடு நின்றுவிடும். குறை தெரியாமலே ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: வீட்டில் இரண்டு கணினிகள். ரவுட்டருக்குப் பதில் 600 ரூபாய்க்கு ஐந்து லேன் துளை உள்ள நெட்வொர்க் சுவிட்ச் ஒன்று கிடைக்கிறது. அது போதுமா?
— ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: வெறும் மோடத்தோடு போதாது. சுவிட்சு முகவரியைப் பங்கிடாது, ஒயரைப் பிரித்துத் தருவதோடு சரி. முதல் கணினிக்கு இணையம் கிடைக்கும், இரண்டாவது கையைப் பிசைந்துகொண்டு நிற்கும். உங்கள் பெட்டியிலேயே ரவுட்டரும் இருக்கிறது, லேன் துளைகள் மட்டும் போதவில்லை என்றால் அந்த 600 ரூபாய் சரியான செலவு.

கேள்வி: மின்வெட்டு நேரத்தில் மடிக்கணினி ஓடுகிறது, இணையம் போய்விடுகிறது. ரவுட்டரை எடுத்துவிட்டால் நிலைமை மாறுமா?
— ஒரு வாசகர், திருவண்ணாமலை

பதில்: மோடத்துக்கும் மின்சாரம் வேண்டுமே. ரவுட்டரை நீக்கினால் காப்பாற்ற வேண்டிய கருவிகள் இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைகின்றன, அவ்வளவுதான். இதற்கென்றே 12 வோல்ட் மினி யு.பி.எஸ். விற்கிறார்கள். வாங்குவதற்கு முன் மோடம் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். வோல்ட் சரியாகப் பொருந்த வேண்டும், ஆம்பியர் குறையக் கூடாது. மோடத்தில் செருகும் முனையின் பருமனும் சேர வேண்டும் என்பதால் முடிந்தால் அடாப்டரையே கையோடு கொண்டுபோவது நல்லது. தெருவில் உள்ள நிறுவனத்தின் பெட்டிக்கும் மின்சாரம் போய்விடுகிற இடம் என்றால், வீட்டில் எத்தனை யு.பி.எஸ். வைத்தாலும் இணையம் வராது. அடுத்த மின்வெட்டில் மோடத்தை வீட்டு இன்வெர்ட்டரில் செருகிச் சோதித்துவிட்டுப் பிறகு வாங்குங்கள்.