பக்தியும் பாட்டுமாக வாழ்ந்த அம்மம்மாவைப் பற்றிக் கல்வெட்டில் என்ன எழுதுவது?

கேள்வி: என் அம்மம்மா சென்ற மாதம் கொழும்பில் காலமானார். பக்தி மிகுந்தவர், பாட்டென்றால் உயிர். 31ஆம் நாள் கல்வெட்டுக்கு ஒரு பக்கம் எழுதச் சொல்லி வீட்டில் கேட்கிறார்கள். இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது. என்ன எழுதலாம்?

முதலில் ஒன்று. "பக்தி மிகுந்தவர், பாட்டென்றால் உயிர்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் கல்வெட்டில் போடாதீர்கள். கோபிக்க வேண்டாம். 2022இல் எங்கள் அம்மம்மாவின் கல்வெட்டில் ஏறக்குறைய அதே வரியை எழுதிய ஆள் நான். இன்றைக்கும் அந்தப் புத்தகம் அலுமாரியில் கண்ணில் பட்டால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போகிறேன்.

(தமிழ்நாட்டு நண்பர்களுக்கு: இங்கே கல்வெட்டு என்றால் கோவில் சுவரில் வெட்டியது அல்ல. செத்தவீடு முடிந்து 31ஆம் நாள் வருகிறவர்களுக்குக் கொடுக்கும் சின்ன நினைவுப் புத்தகம். படம், திதி வெண்பா, பஞ்சபுராணம், வாழ்க்கை வரலாறு, மகள் புலம்பல், மருமகன் புலம்பல், வம்சாவளி என்று போகும். வாழ்நாளில் மாமியாரோடு நாலு வார்த்தை பேசாத மருமகனும் அதில் வெண்பாவில் புலம்புவார்.)

நீங்கள் வெளிநாட்டில் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வேலை முடிந்து களைத்து வந்து, "எழுதிட்டியா பிள்ளை?" என்ற குரல்பதிவைக் கேட்டுவிட்டு இந்தத் தளத்துக்கு வந்திருப்பீர்கள். அப்படி இல்லையென்றால் மன்னியுங்கள். கொழும்பிலேயே இருந்த எனக்கும் எழுத வரவில்லை. "இணுவில் மண்ணில் பிறந்து, இறைபக்தியும் இசையார்வமும் ஒருங்கே கொண்டு, குடும்ப விளக்காய்த் திகழ்ந்து" என்று பழைய கல்வெட்டு ஒன்றைப் பார்த்துத்தான் எழுதினேன். அந்தக் கல்வெட்டு வேறொரு வீட்டு ஆச்சியுடையது. ஊர்ப் பெயரை மாற்றினேன், அவ்வளவுதான்.

அம்மம்மாவைத் தெரிந்த ஒருவரும் அவரை விளக்கு என்று சொல்லமாட்டார்கள். வாய் அப்படி.

நான் எழுதியிருக்க வேண்டியது சைக்கிள் கதை. 1990இல் போர் திரும்பத் தொடங்கிய பிறகு யாழ்ப்பாணத்தில் கரண்ட் இருக்கவில்லை. பட்டரி தடைசெய்யப்பட்ட பொருள், டோர்ச் போடும் சின்னப் பட்டரிகூடக் கிடைக்காது. ஆகவே சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் இருந்து வயர் இழுத்து றேடியோ கேட்பார்கள். அந்தக் காலத்தில் இருந்தவர்களுக்கு இது தெரியும். எங்கள் வீட்டில் பெடல் சுற்றுவது என் வேலை. எனக்குப் பத்து வயது. மற்ற வீடுகளில் செய்திக்காகச் சுற்றினார்கள். எங்கள் வீட்டில் அம்மம்மாவின் கசெற்றுக்காக.

றேடியோ என்றால் வேகம் குறைந்தால் சத்தம் குறையும், அவ்வளவுதான். கசெற் அப்படி இல்லை. கை ஓய்ந்தால் பாடுகிறவரின் குரல் இழுபட்டுக் கீழே போய்விடும். பட்டம்மாள் திடீரென்று ஆம்பிளைக் குரலில் ஆலாபனை செய்வார். அம்மம்மா கண்ணை மூடிக்கொண்டு திண்ணையில் இருப்பார், கண்ணைத் திறக்காமலே, "சுருதி இறங்குது, சுத்தடா!" என்று கத்துவார். கொஞ்சம் வேகமாகச் சுற்றினால், "என்ன அவசரம், பஸ்ஸுக்கா போறா அவ?" என்று அதற்கும் ஏச்சு. நான் சங்கீதம் முறையாகப் படித்தவன் அல்ல. ஆனால் ஒரு குரல் அரைக் கட்டை இறங்கினால் என் வலது தோள் வலிக்கத் தொடங்கும், இன்றைக்கும்.

சின்ன வயதில் பக்கத்து வீட்டு றேடியோவில் திருச்சி வானொலி கேட்டு வளர்ந்தவர் அவர். திருச்சி நிலையம் 1939இல் தொடங்கியது, அம்மம்மா 1934. இணுவில் என்றால் தவிலும் நாயனமும் காற்றிலேயே இருக்கும் ஊர். தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் மேளச்சமாவை விடிய விடியக் கேட்டதை எத்தனை தரம் சொல்லியிருப்பார்! தெட்சணாமூர்த்தி 1975இல் இறந்த செய்தி வந்த அன்று வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அம்மா சொல்லுவார். அம்மப்பா பாண் வாங்கிச் சாப்பிட்டாராம்.

1995 ஒக்டோபர் 30ஆம் தேதி இரவு, ஆமி நெருங்க, இணுவில் இருக்கும் வலிகாமப் பகுதி மொத்தமும் வெளிக்கிட்டபோது நாங்களும் நாவற்குழிப் பாலத்தில் நின்றோம். அம்மம்மாவின் கையில் திருமுறைப் புத்தகமும் சுருதிப்பெட்டியும். கசெற்றெல்லாம் வீட்டோடு போயிற்று. அடுத்த வருடம் கொழும்பு. முதலில் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ், ஒரு அறைக்குள் ஆறு பேர், பொலிஸ் பதிவு. அதைப் பற்றி எழுத நிறைய ஆட்கள் இருக்கிறார்கள், நான் விடுகிறேன்.

கொழும்புக் கோவில்களை அவர் அளந்தது காதால். கொச்சிக்கடை பொன்னம்பலவாணேஸ்வரர் கோவில்தான் அவருக்கு முதலிடம். 1856இல் கட்டிய கோவிலை சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 தொடங்கி 1912க்குள் முழுக்கக் கருங்கல்லால் திருப்பிக் கட்டினார். அம்மம்மாவுக்கு இந்த வரலாறெல்லாம் பொருட்டில்லை. "கல் மண்டபம் குரலைத் திருப்பித் தரும், சீமெந்துக் கட்டிடம் விழுங்கிப்போடும்" என்பார். அதற்காகக் காலி வீதியில் 101 பஸ் பிடித்துப் புறக்கோட்டை போய், அங்கிருந்து த்ரீவீலரில் கூலி பேரம் பேசிப் போவோம். செவ்வாய்க்கிழமை என்றால் பக்கத்து அந்தோனியார் கோவிலுக்கும் போய் ஒரு மெழுகுதிரி கொளுத்துவார். "சைவப் பழம் என்கிறாய், அந்தோனியாரிடம் என்ன வேலை?" என்று கீழே எழுத வருகிறவர்கள் ஒருதரம் ஒரு செவ்வாய்க்கிழமை அங்கே போய் வரிசையில் எத்தனை திருநீற்று நெற்றி நிற்கிறது என்று எண்ணிவிட்டு வாருங்கள்.

வீட்டுக்குக் கிட்டவே ஒரு கோவில் இருந்தது. பெயர் வேண்டாம். அங்கே மேளகாரருக்குப் பதிலாக மோட்டாரில் ஓடும் இயந்திரம் பூட்டினார்கள், சுவிட்சைப் போட்டால் மணியும் முரசும் தானாக அடிக்கும். அம்மம்மா முதல்நாள் அதைக் கேட்டுவிட்டு, தீபாராதனை முடிய முன்பே செருப்பைப் போட்டுவிட்டார். ஐயர் பின்னால் வந்து, "ஏன் அம்மா, வீபூதி வாங்காமல் போறியள்?" என்று கேட்டார். "அவரும் எழும்பிப் போட்டார் ஐயா, பிறகு நான் ஆரைக் கும்பிட?" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அம்மா ஒரு வாரம் அந்தக் கோவில் பக்கம் தலைகாட்டவில்லை.

வீட்டில் கசெற் கேட்கிற மனுஷி கோவிலில் ஏன் இயந்திரத்தோடு சண்டை என்று நானும் கேட்டிருக்கிறேன். "வீட்டில கேக்கிறது எனக்கு. கோவில்ல படிக்கிறது அவருக்கு. அவருக்குப் போய் கசெற் போட்டுக் காட்டுவியோ?" என்றார். அதற்குமேல் விளக்கம் கிடையாது. மூடநம்பிக்கை என்று சொல்லுங்கள், எனக்குப் பரவாயில்லை. நானும் பெரிய பக்தன் அல்ல.

எங்களுக்கு வயிற்றுக்குத்து வந்தால் ஓமத்தண்ணீரோடு "கூற்றாயினவாறு" பதிகமும் சேர்த்தே வரும், அப்பருக்குச் சூலைநோய் தீர்ந்த பாட்டு என்பதால். போர்க்காலத்தில் மன்னாரில் இருக்கும் திருக்கேதீச்சரம் கோவிலுக்குப் போக வழியில்லாத வருடங்களில் சுந்தரரின் கேதீச்சரப் பதிகத்தை நட்டபாடைப் பண்ணில் படிப்பார், கம்பீரநாட்டை என்று சொன்னால் சங்கீதக்காரருக்கு விளங்கும். எங்கள் பிளாட் ஐந்தாம் மாடி. பல்கனியில் மன்னார்ப் பக்கம் என்று தானே முடிவு செய்த ஒரு மூலையைப் பார்த்து நிற்பார், உண்மையில் அங்கே எதிர் பிளாட்டின் தண்ணீர்த் தாங்கிதான் இருக்கிறது. "சம்பந்தரும் சுந்தரரும் கடல் தாண்டி வரேல்லை ராசா. இராமேசுவரத்தில நின்று இஞ்சால பாத்துத்தான் படிச்சவை. நான் வெள்ளவத்தையில நின்று படிக்கிறன்" என்பார்.

கடைசி ஐந்து வருடம் அந்தப் பல்கனிதான் அவருக்குக் கோவில். காரணம் வயது அல்ல, லிஃப்ட். மாதாமாதம் பராமரிப்புக் காசு வாங்குகிறார்கள், லிஃப்ட் மாதத்தில் பாதி நாள் "பழுது". கேட்டால் உதிரிப்பாகம் சிங்கப்பூரில் இருந்து வரவேண்டுமாம். வாசலில் புதிதாக நீரூற்று கட்ட மட்டும் காசு இருந்தது. அந்த நீரூற்றும் இப்போது ஓடவில்லை, நுளம்பு வளர்கிறது. கூட்டத்தில் எழும்பிக் கேட்ட ஒரே ஆள் நான், மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார்கள். எண்பத்துநாலு வயது மனுஷியை நாலு பேர் கதிரையில் வைத்துத் தூக்கி இறக்கியிருக்கிறோம். இதை எழுதவேண்டும் என்று நினைக்கவில்லை, எழுதிவிட்டேன். சரி.

2022 ஜூலை முதல் வாரம் இறந்தார். எரிபொருள் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் என்று அறிவித்திருந்த நாட்கள். தேவாரம் படிக்க ஒழுங்குசெய்த பெரியவர் தெஹிவளையில் இருந்து வரவேண்டும். காலையில் போன் எடுத்து, மோட்டார் சைக்கிளில் ஒரு சொட்டுப் பெற்றோல் இல்லை, முழங்கால் ஏலாது, நடந்து வரமுடியாது தம்பி என்று அழுதார். வரக்கூடியவர்களிலும் பாதிப் பேர் வரவில்லை. பொரளையில் மலர்ச்சாலையில் வைத்துக் கிரியை. கிரியைக்கான சுண்ணப்பொடி இடிக்க உரலும் உலக்கையும் கொண்டுபோயிருந்தோம். இடிக்கும்போது பாடும் மாணிக்கவாசகரின் திருப்பொற்சுண்ணம் படிக்கத்தான் ஆள் இல்லை.

"போனில போடுவம்" என்று சொன்னது நான்தான். வேறு யாரும் இல்லை. சின்ன ஸ்பீக்கரை உரலுக்குப் பக்கத்தில் வைத்து ஓடவிட்டேன். நல்ல குரல், நல்ல சுருதி. மூன்றாவது பாட்டு முடிய, நடுவில் சிங்களத்தில் ஒரு விளம்பரம். தலைமுடி கொட்டுவதற்கு எண்ணெய். பொம்பிளைக் குரல் சிரித்துக்கொண்டு பேசுகிறது, உலக்கை பிடித்திருந்த பேத்திமார் அப்படியே நிற்கிறார்கள். அவசரத்தில் நிறுத்துகிறேன் என்று சத்தத்தைக் கூட்டிவிட்டேன். விளம்பரம் மண்டபம் முழுக்கக் கேட்டது.

அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை. போனைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு, தானே தொடங்கினார். ஒரு பாட்டு வந்தது, இரண்டாவதில் வரி மறந்துபோயிற்று. புத்தகம் வீட்டில். மொத்தம் இருபது பாட்டு, எங்களில் ஒருவருக்கும் முழுசாகத் தெரியாது. எல்லாருக்கும் தெரிந்தது ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் வருகிற "பொற்சுண்ணம் இடித்தும் நாமே" மட்டும்தான். ஆகவே அம்மா ஞாபகம் வந்த துண்டுகளை எடுத்துக் கொடுக்க, கடைசி வரிக்கு மட்டும் நாங்கள் எல்லாரும் சேர்ந்து கத்தினோம். ஆளுக்கொரு சுருதி. என் தோள் வலித்தது. அம்மம்மா இருந்திருந்தால் செருப்பைத் தேடியிருப்பார்.

இதெல்லாம் நடந்து 31ஆம் நாள் நான் அச்சடித்துக் கொடுத்த பக்கத்தில் சைக்கிள் இல்லை, இயந்திரத்தோடு போட்ட சண்டை இல்லை, தண்ணீர்த் தாங்கி இல்லை. "இசையார்வம் ஒருங்கே கொண்டு" இருக்கிறது. இருநூறு பிரதி.

நல்லதை மட்டும்தான் எழுதவேண்டும், செத்தவரை நக்கலடிக்கக் கூடாது என்று உங்கள் வீட்டிலும் ஒரு மாமா சொல்லுவார். எங்கள் வீட்டிலும் சொன்னார், அவரை எதிர்த்துப் பேச எனக்கு அப்போது தெம்பு இல்லை. உங்கள் அம்மாவுக்கோ பெரியம்மாவுக்கோ இன்றைக்கு ஒரு போன் எடுங்கள். அம்மம்மாவுக்குப் பிடித்த பாட்டு எது என்று கேட்காதீர்கள், "எல்லாம்" என்பார்கள். எந்தப் பாட்டைக் கேட்டால் எழும்பிப் போவார், ஆரோடு சண்டை பிடித்தார் என்று கேளுங்கள். ஒன்பது நாள் போதும். அச்சகத்துக்கு இரண்டு நாள் முன்பே கொடுத்துவிடுங்கள், "ஒருங்கே" என்பதை எங்களுக்கு "ஒருங்கோ" என்று அடித்துத் தந்தார்கள்.