அடையாள அட்டை இல்லாதவர்களுக்கு உதவும் சிறு குழு, அறவாரியத்திடம் நிதி கேட்பது எப்படி?

கேள்வி: செந்தூலில் நாங்கள் எட்டுப் பேர். சனிக்கிழமைகளில் அடுக்குமாடி வீடுகளுக்குப் போய், பிறப்புப் பத்திரமோ அடையாள அட்டையோ இல்லாத பிள்ளைகளுக்கு விண்ணப்பம் செய்ய உதவுகிறோம். இதுவரை எல்லாம் கைக்காசுதான். அறவாரியங்கள் இதற்கு நிதி தருமா? ‘உரிமை’ என்று எழுதினாலே தரமாட்டார்கள், புத்தகப்பை வழங்கும் திட்டம் என்று எழுதிக் கேளுங்கள் என்கிறார் ஒரு நண்பர். எங்கள் குழு இன்னும் பதிவு பெறவில்லை. (வாசகி, கோலாலம்பூர்)

பதில்: தரும். ஆனால் நண்பர் சொன்ன வழியில் மட்டும் போகாதீர்கள். புத்தகப்பைக்கு என்று வாங்கிய பணத்துக்குப் புத்தகப்பைக் கணக்குதான் காட்ட வேண்டும். அதை விண்ணப்பத்துக்கான சத்தியப் பிரமாணப் பத்திரத்துக்கும் பயணத்துக்கும் செலவழித்தால், நோக்கம் எவ்வளவு நல்லதானாலும் அது நிதி முறைகேடு. குழுவின் பெயர் ஒருமுறை கெட்டால், பாதிக்கப்படுவது உங்களை நம்பி ஆவணங்களைக் கொடுத்த குடும்பங்கள்.

அவர் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. கம்பெனிகள் நடத்தும் அறவாரியங்கள் பலவும் உபகாரச் சம்பளம், உணவுக்கூடை போன்றவற்றுக்கே எளிதில் பணம் தரும். ஒரு வருடத்தில் பலன் தெரிந்துவிடும், படமும் எடுக்கலாம். குடியுரிமை விண்ணப்பமோ வருடக் கணக்கில் இழுக்கும். அதனால் யாரிடம் கேட்கிறோம் என்பதில் கவனம் வேண்டும்.

அதற்கு முன் பதிவு. 1966ஆம் ஆண்டு சங்கச் சட்டப்படி ஏழு பேர் இருந்தால் போதும், நீங்கள் எட்டுப் பேர். சங்கப் பதிவிலாகாவின் இரோசஸ் இணையத் தளத்திலேயே விண்ணப்பிக்கலாம். சங்கத்தின் சட்டவிதியில் நோக்கத்தை எழுதும்போது ‘சமூக நலன்’ என்று பொதுவாக விட்டுவிடாதீர்கள். ‘அடையாள ஆவணங்கள் பெற உதவுதல், சட்ட விழிப்புணர்வு அளித்தல்’ என்று வெளிப்படையாக எழுதுங்கள். அறவாரிய அதிகாரி உங்கள் மனுவையும் சட்டவிதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். பதிவு கிடைத்த பிறகு, ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்த 60 நாளுக்குள் ஆண்டறிக்கையைப் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டும். நல்ல வேலை செய்யும் பல சங்கங்கள் இதில்தான் கோட்டை விடுகின்றன. வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரில், இருவர் கையெழுத்துடன் இருக்கட்டும். பொருளாளரின் சொந்தக் கணக்குக்கு எந்த அறவாரியமும் பணம் போடாது.

பதிவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே பதிவு பெற்ற ஓர் அமைப்பு உங்கள் சார்பில் நிதியைப் பெற்று, கணக்கு வைத்து, உங்களுக்குக் கொடுக்கலாம். இது நன்றாகப் பழகிய முறை. 1962இல் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களை வாக்காளராகப் பதிய ஒரு திட்டம் தொடங்கியபோது, டக்கோனிக், ஃபீல்ட் போன்ற அறவாரியங்கள் பணத்தை ஒவ்வொரு போராட்டக் குழுவிடமும் தனித்தனியாகக் கொடுக்கவில்லை. அட்லாண்டாவில் இருந்த தென்மண்டல மன்றம் என்ற அமைப்பு அதைப் பெற்று, மார்ட்டின் லூதர் கிங் தலைமையிலான அமைப்பு உட்பட பல குழுக்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. இப்படி ஓர் அமைப்பின் நிழலில் நிற்பதானால், யார் எவ்வளவு வைத்துக்கொள்வது, கணக்கை யார் எப்போது தருவது என்று ஒரு பக்கமாவது எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

அந்த அமைப்புக்கு வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின்கீழ் அனுமதி இருந்தால் இன்னும் நல்லது. அதற்கு நன்கொடை தருபவர், தம் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை வரிக்கழிவு கோரலாம். சில அறவாரியங்கள் அந்த அனுமதி இருந்தால்தான் மனுவையே தொடும். இன்னொன்று, கடைத்தெருவில் உண்டியல் ஏந்த நினைத்தால் முதலில் போலீஸ் அனுமதி வாங்குங்கள். 1947ஆம் ஆண்டிலிருந்தே அதற்குச் சட்டம் இருக்கிறது.

சரி, யாரிடம் கேட்பது? அரசின் முதலீட்டு நிறுவனமான கசானாவின் அறவாரியம் யாயாசான் ஹசானா, சமூக மேம்பாட்டுக்கு மானியம் தருகிறது. இந்தியர் மேம்பாட்டுக்கான மித்ராவோ அறவாரியம் அல்ல, அரசு அமைப்பு. அதன் விதிமுறையைத் தனியாகப் படியுங்கள். மனித உரிமைப் பணிக்கு என்றால் நான் முதலில் பார்க்கச் சொல்வது தூதரகங்களின் சிறு நிதிகளை. கனடாவின் உள்ளூர் முயற்சிகளுக்கான நிதியும் ஆஸ்திரேலியாவின் நேரடி உதவித் திட்டமும் சிறிய அமைப்புகளுக்காகவே உள்ளவை. அங்கே உரிமை என்ற சொல்லை மறைக்கத் தேவையில்லை.

இப்போது கெர்த்தாஸ் கெர்ஜா, அதாவது நிதி கேட்டு எழுதும் திட்ட மனு. பிள்ளைக்கு ஏன் ஆவணம் இல்லை என்பது, மனுவைப் படிக்கும் அதிகாரிக்குப் பெரும்பாலும் தெரியாது. ‘பெற்றோரின் அலட்சியம்’ என்று நினைத்துக்கொள்வார். அதை விளக்குவதில்தான் உங்கள் மனு நிற்கும். 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் சட்டப்படி பதிவாக வேண்டும். கோயிலில் தாலி கட்டியதோடு நிறுத்திவிட்ட தம்பதியில், அப்பா மலேசியர், அம்மா குடியுரிமை இல்லாதவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டத்தின் கண்ணில் அந்தப் பிள்ளை திருமணத்துக்கு வெளியே பிறந்தது. அப்பாவின் குடியுரிமை அதற்குச் சேராது, தாயின் நிலைதான். அந்தப் பிள்ளை பெண்ணாக இருந்து, வளர்ந்து, தானும் இப்படியே தாயானால், சிக்கல் மூன்றாம் தலைமுறைக்கும் போகும். இப்படி ஒரு குடும்பத்தின் நிலையை, பெயரும் முகவரியும் இல்லாமல், அரைப் பக்கத்தில் எழுதுங்கள். பிள்ளைகளின் படத்தையோ பத்திர நகலையோ மனுவில் இணைக்கவே கூடாது, அறவாரியமே கேட்டாலும்.

‘முப்பது பேருக்கு அடையாள அட்டை வாங்கித் தருவோம்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். முடிவு உங்கள் கையில் இல்லை. அரசியலமைப்பின் 15ஏ பிரிவின்கீழ் போகும் பிள்ளைகளின் குடியுரிமை விண்ணப்பங்கள் அரசின் விருப்பதிகாரத்தில் இருப்பவை. உங்கள் கையில் உள்ளதைச் சொல்லுங்கள்: எத்தனை கோப்புகளை முழுமையாகத் தயாரித்து ஒப்படைப்பீர்கள், எத்தனை தாமதப் பிறப்புப் பதிவுகளுக்கு மனு போடுவீர்கள், எத்தனை குடும்பங்களை வழக்கறிஞரிடம் அழைத்துப் போவீர்கள். தேசியப் பதிவிலாகா தரும் ரசீதுகளே அதற்குச் சான்று.

செலவுப் பட்டியலில் சத்தியப் பிரமாணக் கட்டணம், பயணம், கேட்கப்பட்டால் மரபணுச் சோதனை எல்லாம் வரட்டும். ஒருங்கிணைப்பாளர் ஒருவருக்குப் படித்தொகையையும் வெட்கப்படாமல் போடுங்கள். கோப்புகளைத் தொடர்ந்து கவனிக்க ஆள் இல்லாமல் போனால், பாதியில் நிற்பது ஒரு பிள்ளையின் விண்ணப்பம்.

நாடற்றோர் பிரச்சினையில் நெடுநாள் அனுபவம் உள்ள டிஎச்ஆர்ஆர்ஏ மலேசியா என்ற தொண்டு அமைப்பையும், வழக்கறிஞர் மன்றத்தின் கோலாலம்பூர் சட்ட உதவி மையத்தையும் இந்த மாதமே போய்ப் பாருங்கள். அப்புறம், மனு எழுத உட்காரும் முன், அறவாரியத்துக்குப் போன் செய்து இரண்டே கேள்வி கேளுங்கள்: ஆவண உதவிப் பணி உங்கள் நிதிக்குள் வருமா? ஆள் செலவை ஏற்பீர்களா? ‘இல்லை’ என்றால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த எண்ணைச் சுற்றுங்கள்.