எல்லாம் கூகுளில் கிடைக்கும்போது, வாசகர்களின் கேள்விகளுக்குத் தகவல் தேடித் தரும் குறிப்புதவி நூலகருக்கு இனி என்ன வேலை?

வேலை போகவில்லை, அதன் தன்மை மாறியிருக்கிறது. வாசகரோடு நூலகர் நேரில் பேசி உதவ வேண்டும் என்று அமெரிக்க நூலகர் சாமுவேல் கிரீன் 1876இல் எழுதினார். அப்புறம் வெகுகாலம், ஒரு நாட்டின் மக்கள்தொகை, ஒரு தலைவர் பிறந்த ஆண்டு என்று ஆண்டுநூல்களைப் புரட்டிச் சொல்வது குறிப்புதவி மேசையின் அன்றாட வேலை. அதைக் கைப்பேசி எடுத்துக்கொண்டது, சரி.

மிஞ்சியவை சிக்கலான கேள்விகள். ஒருவர் வந்து “மருத்துவப் புத்தகம் எங்கே இருக்கு?” என்பார். இரண்டு கேள்வி திருப்பிக் கேட்டால்தான், அம்மாவுக்குக் கொடுத்த புது மாத்திரை பழையதோடு ஒத்துப்போகுமா என்ற கவலை வெளியே வரும். அவருக்குக் காட்ட வேண்டியது அலமாரியை அல்ல, நம்பகமான மருந்துத் தகவல் தளத்தை. (சாப்பிடலாமா என்று சொல்வது டாக்டர் வேலை, நூலகர் அதில் தலையிடக் கூடாது.)

சாட்ஜிபிடி வந்தபின் புதுத் தலைவலி ஒன்று. அது கொடுத்த கட்டுரைத் தலைப்பு, ஆசிரியர், பக்க எண்ணோடு வருகிறார்கள். தேடினால் இதழ் உண்டு, ஆசிரியரும் உண்டு, அப்படியொரு கட்டுரைதான் கிடையாது. இருப்பதை எடுத்துக் கொடுப்பதைவிட, இல்லை என்று உறுதியாகச் சொல்வதற்குத்தான் நேரம் அதிகம் பிடிக்கிறது. என்னைக் கேட்டால், இன்றைக்கு அந்த மேசையின் முக்கியமான வேலையே அதுதான்.