பாசி படித்தால் வேலை கிடைக்குமா?

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பி.எஸ்சி. தாவரவியல் முடிக்கப்போகிற மகள் சிவப்புக் கடல்பாசிகளை இனம் காணும் ஆராய்ச்சிக்குத்தான் போவேன் என்கிறாள், பாசிக்குப் பேர் சொல்ல யார் சம்பளம் தருவார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பேர் தப்பினால் பணம் போகும், அதனால் தருகிறார்கள். கப்பாஃபைகஸ் என்ற சிவப்புப் பாசியில் கிடைப்பது கப்பா கேராஜீனன் என்ற உறையவைக்கும் பொருள், கெட்டியாக உறையும். அதன் நெருங்கிய உறவான யூக்கீமா டென்டிகுலேட்டத்தில் கிடைப்பது அயோட்டா என்ற வேறு வகைக் கேராஜீனன், தளதளவென்று இருக்கும். ஒன்று கேட்ட ஆலைக்கு மற்றது உதவாது.

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊர்ப் பக்கம் பாசி எடுக்கும் பெண்கள் கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்து என்று கையில் எடுத்ததும் சொல்லிவிடுவார்கள். ஆனால் ஒரே இனம் அலையடிக்கிற பாறையில் ஒரு மாதிரியும் அமைதியான தண்ணீரில் வேறு மாதிரியும் வளரும். கிராசிலேரியா என்ற சிவப்புப் பாசிப் பேரினத்துக்குள் இனம் பிரிக்க, தண்டை பிளேடால் மெல்லிசாகச் சீவி, பெண் செடியில் பரு மாதிரி புடைத்திருக்கும் சிஸ்டோகார்ப் என்ற இனப்பெருக்க உறுப்பின் உள்ளமைப்பை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அது இல்லாத செடி கைக்கு வந்தால்? அங்கேதான் டி.என்.ஏ. கைகொடுக்கிறது, ஆர்.பி.சி.எல்., சி.ஓ.ஐ. என்ற மரபணுப் பகுதிகளைப் படித்து ஒப்பிடுவார்கள்.

அதை மட்டும் நம்பினாலும் மாட்டிக்கொள்வோம். பாசியின் கொழகொழப்பு டி.என்.ஏ.வோடு சேர்ந்து வந்து, டி.என்.ஏ.வைப் பல படிகளாகப் பெருக்கும் பி.சி.ஆர். முறையைக் கெடுக்கும், மேலே ஒட்டி வளர்ந்த வேறு பாசியின் டி.என்.ஏ.வும் கலந்துவிடும், ஒப்பிட்டுப் பார்க்கும் ஜென்பேங்க் என்ற டி.என்.ஏ. தரவுத்தளத்திலேயே தப்பான பேரில் ஏற்றிய வரிசைகள் கிடக்கின்றன. அதனால் நுண்ணோக்கி, டி.என்.ஏ. இரண்டிலும் கை பழகியவர்தான் வேண்டும், அப்படிப்பட்டவர்கள் குறைவு.

மறைக்காமல் சொல்கிறேன், நிரந்தரப் பணியிடங்கள் கொஞ்சம்தான், எம்.எஸ்சி., பிஎச்.டி. என்று ஏழெட்டு வருஷம் ஆகும். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேர்வாகிவிட்டால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும், வீட்டுக்குச் சுமையாக இருக்க மாட்டாள். பாசி வேலை அமையாவிட்டாலும் பி.சி.ஆர். பழகிய கை உணவுப் பரிசோதனைக்கூடத்திலும் நோயறிதல் கூடத்திலும் செல்லும்.

சரி, எம்.எஸ்சி. எங்கே சேர்ப்பது? பணம் கட்டுவதற்கு முன் மகளையும் கூட்டிக்கொண்டு நேரில் போங்கள். உலர்பாசித் தொகுப்பு இருக்கிறதா, பி.சி.ஆர். கருவியை மாணவர்கள் தாங்களே தொட்டுச் செய்கிறார்களா, நீர் வற்றும் நேரத்தில் கடற்கரைக்குக் கூட்டிப் போகிறார்களா என்று கேளுங்கள். அப்புறம் அங்கே இரண்டாம் வருஷம் படிக்கிற பிள்ளைகளிடம் தனியாக இதையே இன்னொரு தடவை கேட்டுப் பாருங்கள்.