செய்யாத பாவத்துக்கும் மார்பில் தட்டுவது

அன்புள்ள ஐயா,

யூதர்களின் பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூர் நோன்பு பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவன். பாவசங்கீர்த்தனத்தில் நான் செய்ததை நானே குருவிடம் சொல்ல வேண்டும். யூதர்களோ அன்று அச்சடித்த பாவப் பட்டியலை எல்லோருமாகச் சேர்ந்து வாசிக்கிறார்கள். திருடாதவரும் "கொள்ளையடித்தோம்" என்கிறார். இது வெறும் சடங்குதானே?

ம.

அன்புள்ள ம.,

அந்த ஜெபத்துக்கு விதூய் என்று பெயர். அதைக் கேட்க நடுவில் ஆள் கிடையாது, நேரே கடவுளிடம் சொல்வது. அதில் சின்னது 'அஷம்னு'. எபிரேய அகரவரிசையில் அஷம்னு, பகத்னு, கஸல்னு என்று போகும்: குற்றம் செய்தோம், துரோகம் செய்தோம், கொள்ளையடித்தோம். சற்றே குனிந்து நின்று, ஒவ்வொன்றுக்கும் முஷ்டியால் இதயத்தின் மேல் மெல்லத் தட்டுவார்கள். எழுத்துகள் 22, குற்றங்கள் 24. கடைசி எழுத்தான 'தாவ்' மட்டும் மூன்று முறை வரும். எழுத்து தீர்ந்த பிறகும் சொல்ல மிச்சம் இருப்பது போல.

அந்த 'னு' நம் 'ஓம்' விகுதிதான். தமிழில் சொன்னால் 'நாங்கள்' என்றுதான் வரும், 'நாம்' வராது; கேட்பவர் கடவுள் அல்லவா? 16ஆம் நூற்றாண்டில் கலிலேயாவின் சஃபேத் ஊரில் வாழ்ந்த யூத ஞானி ஈசாக் லூரியா இதற்குச் சொன்ன விளக்கம்: இஸ்ரவேலர் எல்லோரும் ஒரே உடல், ஓர் உறுப்பின் நோய் மற்றதற்கும் உண்டு. எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. எல்லோரும் சொல்வதால், உண்மையிலேயே திருடியவனும் கூட்டத்தின் நடுவே வாய்விட்டுச் சொல்லிவிட முடிகிறது.

அப்புறம், நீளமான பட்டியல் 'அல் கேத்'. அஷ்கெனாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதர்) வழக்கில் 44 வரி. வாயால் செய்த பாவங்கள் அதில் திரும்பத் திரும்ப வருகின்றன. "நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு செய்த பாவத்துக்காக" என்ற வரியில் நான் நின்றுவிட்டேன். தனியாகப் போய்ச் சொல்லச் சொன்னால் அது என் நினைவுக்கே வந்திருக்காது. பட்டியல் தேவைப்படுவது அதற்குத்தான்.

சரி, மனம் ஒட்டாமல் ஒப்பிப்பவர்கள் இருக்க மாட்டார்களா? இருப்பார்கள். ஆனால் யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா ஒரு வழியை அடைத்துவைத்திருக்கிறது. சக மனிதனுக்குச் செய்த தீங்கை, அவனைச் சமாதானப்படுத்தும் வரை யோம் கிப்பூரும் தீர்க்காது. அதனால் நோன்புக்கு முன்பே ஒருவரையொருவர் தேடிப் போய் மன்னிப்புக் கேட்பார்கள். மறுத்தால் மூன்று நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்கச் சொல்கிறார் 12ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிதேஸ். அப்போதும் மறுத்தால் இரண்டாம் முறை, மூன்றாம் முறை.