பெர்லினுக்குப் புதிதாக வந்த தங்கைக்கு: சீயக்காய், கீரை, அம்மா அனுப்பும் பார்சல்

தண்டையார்பேட்டையிலிருந்து பெர்லினுக்கு நர்ஸ் வேலைக்கு வந்து மூன்று மாதம் ஆன தங்கை ஒருத்தி கேட்டிருக்கிறாள்: "அக்கா, தலை வாரினால் கை நிறைய முடி வருகிறது. தோல் வெளுத்துப் பாளம் பாளமாக வெடிக்கிறது. முருங்கைக்கீரை, அகத்திக்கீரை எதையும் கண்ணில் காணோம். அம்மா எல்லாவற்றையும் பார்சலில் அனுப்புகிறேன் என்கிறார். என்னென்ன அனுப்பச் சொல்லட்டும்? ஒரு லேகியமும் வாங்கி வைத்திருக்கிறாராம்."

நல்ல நேரத்தில் கேட்டாய். நான் இப்போது லீவில் பழைய வண்ணாரப்பேட்டையில் அம்மா வீட்டில்தான் இருக்கிறேன். திரும்பும்போது எடுத்துப் போகிற சாமான் வாங்க நேற்றுதான் ராசப்பா செட்டித் தெருவுக்குப் போய் வந்தேன். பல வருஷமாகப் பெர்லினில் குடும்பம் நடத்துகிறவள் என்பதால் நேராகவே சொல்லிவிடுகிறேன். தலைக்கும் உடம்புக்கும் தேய்க்கிறது ஊரிலிருந்து வரட்டும். சாப்பிடுகிற கீரையை அங்கேயே தேடிக்கொள். மருந்து என்ற பெயரில் எதுவும் பார்சலில் வர வேண்டாம்.

முதலில் முடி. அங்கே யாரைக் கேட்டாலும் தண்ணீரைத்தான் குறை சொல்வார்கள். ஜெர்மனியில் தண்ணீரின் கடினத்தன்மையை டிகிரியில் அளப்பார்கள்; 14 டிகிரிக்கு மேல் போனால் கடினத் தண்ணீர் என்று கணக்கு. பெர்லினில் பெரும்பாலும் அதற்கு மேல்தான். உன் கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்குமே, அதுதான். இந்தத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், நடுவில் உடைய வைக்கும். ஆனால் வேரோடு வருகிற முடிக்குத் தண்ணீர் காரணம் இல்லை. ஊர் மாறுவது, சாப்பாடு மாறுவது, நைட் டூட்டி, மனக்கவலை, இதெல்லாம் உடம்புக்கு ஓர் அதிர்ச்சி. அதன் பலன் இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் தலையில் தெரியும். நீ வந்து மூன்று மாதம் என்கிறாய், கணக்கு சரியாக வருகிறது. இந்த மாதிரி உதிர்வு பெரும்பாலும் சில மாதங்களில் தானாக நின்றுவிடும். நிற்காமல் போக வைக்கிறவை இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டும். அதனால் எண்ணெய் மாற்றுவதற்கு முன்னால் குடும்ப மருத்துவரிடம் போய் ரத்தப் பரிசோதனை கேள். ஹீமோகுளோபின் மட்டும் போதாது, உடம்பில் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல். நீயே நர்ஸ், உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் நம் பெண்கள் அடுத்தவருக்குச் சொல்வார்கள், தனக்கென்று வந்தால் கரிசலாங்கண்ணித் தைலத்தோடு நின்றுவிடுவார்கள்.

சரி, சீயக்காய். அந்தத் தண்ணீருக்கு இது நிஜமாகவே பொருத்தமானது. சோப்பில் இருக்கிற கொழுப்பு தண்ணீரிலுள்ள சுண்ணாம்போடு சேர்ந்து பிசுக்காகி முடியிலும் தோலிலும் ஒட்டிக்கொள்ளும். சீயக்காயில் நுரை தருவது சபோனின். அது அப்படித் திரிந்து போவதில்லை. ஆனால் பொடியை அப்படியே தலையில் போட்டுத் தேய்க்காதே. வாடகை வீட்டில் குளியலறைக் குழாய் அடைத்துக்கொண்டால் வீட்டுக்காரர் உன் டெபாசிட்டில்தான் கை வைப்பார். ராத்திரியே இரண்டு ஸ்பூன் பொடியை வெந்நீரில் ஊறப்போட்டு, காலையில் பழைய காட்டன் துணியில் வடிகட்டி, அந்தத் தண்ணீரால் மட்டும் தலையை அலசு. எண்ணெய்க் குளியலுக்கு ஆசியக் கடையில் இருக்கும் கருத்த எள்ளெண்ணெயை வாங்காதே. அது வறுத்த எள்ளில் ஆட்டியது, சமையலில் ஊற்றுவதற்கானது. வறுக்காத எள்ளில் ஆட்டியதாகப் பார்த்து வாங்கு, அல்லது தமிழ்க் கடையில் நல்லெண்ணெய் என்றே கேள். குளித்ததும் தொட்டியில் இருக்கும் எண்ணெயைப் பேப்பரால் துடைத்துவிடு, வழுக்கி விழுந்தால் தனியாக இருக்கிற உன்னைத் தூக்கிவிட ஆள் இல்லை.

தோல் வெடிப்பதற்குக் காரணம் ஹீட்டர். குளிர்காலத்தில் அறைக்குள் காற்று காய்ந்து கிடக்கும், அதோடு சூடான ஷவரில் நெடுநேரம் நின்றால் தோலில் இருக்கிற எண்ணெய்ப் பசையும் போய்விடும். வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரம் குளி. ஈரம் முழுதாகக் காய்வதற்குள் எண்ணெயோ கிரீமோ தடவு. நலங்கு மாவு வாரத்தில் இரண்டு தடவை போதும், அதுவும் தயிரில் குழைத்து. வெடித்துப் புண்ணான இடத்தில் எந்தப் பொடியும் போடாதே.

அந்த நலங்கு மாவை உங்கம்மா செய்து அனுப்பட்டும். ரெடிமேட் பாக்கெட் வேண்டாம். தண்டையார்பேட்டையிலிருந்து மெட்ரோ ஏறினால் சென்ட்ரல். அங்கிருந்து பார்க் டவுன் பக்கம் வந்தால் ராசப்பா செட்டித் தெரு. வரிசையாக நாட்டு மருந்துக் கடைகள்தான். வாங்க வேண்டியவை பூலாங்கிழங்கு, கிச்சிலிக்கிழங்கு, கோரைக்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், வெட்டிவேர், ஆவாரம்பூ, ரோஜா இதழ். எல்லாமும் சேர்ந்து எவ்வளவோ, அந்த அளவுக்குப் பயத்தம்பருப்பு. கஸ்தூரி மஞ்சளை உடைத்து முகர்ந்து பார்க்கச் சொல். கற்பூரம் மாதிரி ஒரு வாசனை வரும், சமையல் மஞ்சள் அளவுக்கு விரலில் நிறம் ஒட்டாது. சமையல் மஞ்சளைக் கலந்து அரைத்தால் அங்கே வெள்ளைத் தொட்டி முழுக்கக் கறையாகிவிடும். கடைக்காரர் கார்போகரிசியும் சேர்த்து மடித்துக் கொடுப்பார், அதை வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். அதில் சொராலென் இருக்கிறது. தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் கருகிக் கொப்புளிக்கும். அங்கே கோடையில் ராத்திரி ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும் என்பதை மறந்துவிடாதே.

மொட்டை மாடியில் நன்றாகக் காய வைத்து, வெட்டிவேரை மட்டும் கத்தரியால் பொடிப்பொடியாக வெட்டிப் போட வேண்டும். நீளமாகப் போட்டால் மில்லில் நார் சிக்கிக்கொள்ளும், மில்காரர் திட்டுவார். எங்கள் தெரு மில்லுக்கு அம்மா காலையில் கடை திறக்கும்போதே போய்விடுவார். மிளகாய் அரைத்த பிறகு போனால் மாவில் காரம் ஏறிவிடும், முகத்தில் போட முடியாது. முதலில் ஒரு பிடி அரிசியைப் போட்டு ஓடவிட்டு, அதைத் தள்ளிவிட்டு, அப்புறம்தான் நம் சாமானைக் கொட்டுவார்கள். அரைத்த மாவு கை பொறுக்காத சூட்டில் வரும். பேப்பரில் பரப்பி முழுதாக ஆறின பிறகு சலித்துக் கட்ட வேண்டும். சூட்டோடு கட்டினால் வேர்த்து, உன் கைக்கு வரும்போது வண்டு வைத்திருக்கும்.

அப்புறம், மருதாணி அனுப்பினால் இலைப் பொடியாக மட்டும் இருக்கட்டும். "கருப்பு மருதாணி" என்று விற்கும் பாக்கெட்டில் பிபிடி என்ற சாயம் இருக்கும், மண்டையிலும் கையிலும் கொப்புளம் போடும்.

இப்போது கீரை. முருங்கைக்கீரை தமிழ்க் கடைகளில் உறைய வைத்த பாக்கெட்டாகக் கிடைக்கும். விலை கொடுத்து எப்போதாவது வாங்கிக்கொள். ஆனால் தினசரிக்கு அதை நம்பிக்கொண்டு கீரையே இல்லை என்று உட்காராதே. செவ்வாயும் வெள்ளியும் மைபாஹூஃபர் கால்வாய்க் கரையில் துருக்கிக்காரர்கள் போடுகிற சந்தைக்குப் போ. புதினா, கொத்தமல்லி, வெங்காயத்தாள் எல்லாம் கட்டுக் கட்டாக இருக்கும். கோடையில் "செமிஸோட்டு" என்று ஒரு கீரை வைத்திருப்பார்கள். தடித்த சின்ன இலை, சிவந்த தண்டு, கிள்ளி வாயில் போட்டால் லேசான புளிப்பு. நம் பருப்புக்கீரையேதான். துவரம்பருப்போடு கடைந்து, காய்ந்த மிளகாயும் பூண்டும் தாளித்துப் பார், தண்டையார்பேட்டை மார்க்கெட்டில் வாங்கின கீரைக்கும் இதற்கும் வித்தியாசம் சொல்ல முடியாது.

குளிர்காலத்துக்கு க்ரூன்கோல். சுருட்டை இலையாக, பார்க்க முரட்டுக் கீரை. நவம்பரிலிருந்து கடையெல்லாம் அதுதான். நடுத்தண்டை உருவிப் போட்டுவிட்டு, இலையைப் பொடியாக நறுக்கி, தேங்காய் போட்டுப் பொரியல் செய். முருங்கைக்கீரைக்குப் பதில் எதைச் சாப்பிடலாம் என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். பாலக்கில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தை அதிலுள்ள ஆக்ஸலேட் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் அதிகம் சேராது. க்ரூன்கோலில் அந்தத் தொல்லை குறைவு.

வசந்த காலத்தில் வேலியோரமெல்லாம் ப்ரென்நெஸ்ஸல் முளைக்கும். தொட்டால் நம் ஊர்க் காஞ்சொறி மாதிரி சுரீரென்று அரிக்கும். கையுறை போட்டுக்கொண்டு பூ வைப்பதற்கு முன்னால் நுனிக்கொழுந்தை மட்டும் கிள்ளி, கொதிக்கிற தண்ணீரில் போட்டால் அரிப்பு போய்விடும். பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைத்தால் பிரமாதமாக இருக்கும். ஒரு கைப்பிடி அளவு வீட்டுக்குப் பறிக்கச் சட்டம் இடம் தருகிறது. நாய் நடமாடும் பாதை ஓரத்தில் மட்டும் பறிக்காதே. அதே பருவத்தில் பேர்லவுஹ் என்ற காட்டுப்பூண்டு இலையையும் எல்லாரும் பறிப்பார்கள். அதை நீ பறிக்கவே கூடாது, கடையில் வாங்கு. அதைப் போலவே இலை உள்ள இரண்டு செடிகள் கொடிய விஷம், அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களே ஏமாந்து போகிறார்கள்.

கீரை விதை அனுப்பச் சொல்லாதே. விதைப்பதற்கான விதைக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும், 2019 டிசம்பரிலிருந்து கறிவேப்பிலைக் கொத்துக்கும் அப்படித்தான். அங்கே வாங்குகிற வெந்தயத்தையே ஜன்னலோரம் தொட்டியில் தூவினால் வெந்தயக்கீரை வந்துவிடும். ஆனால் முளைகட்டிய வெந்தயத்தைப் பச்சையாகத் தின்னாதே. 2011ல் ஜெர்மனியில் ஒரு பெரிய கிருமித் தொற்று வந்து ஐம்பது பேருக்கு மேல் இறந்தார்கள். எகிப்திலிருந்து வந்த வெந்தயத்தில் வளர்த்த முளையிலிருந்து பரவியது என்று கண்டுபிடித்தார்கள். முளைகட்டினால் வேக வைத்துச் சாப்பிடு.

கேழ்வரகு மாவு தமிழ்க் கடையில் இருக்கிறது, கூழுக்குப் பஞ்சமில்லை. டிஎம், ரோஸ்மன் மாதிரிக் கடைகளில் ஹிர்ஸே என்று விற்பது பனிவரகு, பொங்கலுக்கு நன்றாக இருக்கும். கீரைச் சாப்பாட்டில் எலுமிச்சையோ குடைமிளகாயோ சேர்த்துக்கொள், இரும்புச்சத்து நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ, காபி குடித்தால் அதைக் கெடுத்துவிடும். உப்பு வாங்கும்போது அயோடின் சேர்த்ததாகப் பார்த்து வாங்கு, அங்கே எல்லா உப்பிலும் இருக்காது.

எந்தக் கீரையாலும் முடியாத காரியம் இரண்டு. ஒன்று வைட்டமின் டி. அக்டோபரிலிருந்து மார்ச் வரை பெர்லின் வெயிலில் எவ்வளவு நேரம் நின்றாலும் தோலால் அதைப் போதுமான அளவு தயாரிக்க முடியாது, நம் நிறத்துக்கு இன்னும் குறைவு. வெயில் இல்லாதபோது ஒரு நாளைக்கு 20 மைக்ரோகிராம் தேவை என்று ஜெர்மன் ஊட்டச்சத்துச் சங்கம் சொல்கிறது. மாத்திரைதான் வழி, அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள். இன்னொன்று பி12. நீ சைவம் என்றால், பால், தயிரும் சரியாகச் சாப்பிடவில்லை என்றால், ரத்தப் பரிசோதனையில் அதையும் சேர்.

பார்சலைப் பற்றி. தனியாள் தனியாளுக்கு அனுப்பும் பரிசு 45 யூரோ மதிப்பு வரை சுங்க வரி இல்லை. உள்ளே என்ன, என்ன விலை என்று ஒவ்வொன்றுக்கும் தெளிவாக எழுதி ஒட்டச் சொல். பெயர் எழுதாத பொடிப் பொட்டலத்தைப் பார்த்தால் சுங்கத்தில் நிறுத்திவிடுவார்கள். நெய், பால்கோவா வைக்கவே கூடாது என்று உங்கம்மாவிடம் இரண்டு தடவை சொல். பாசத்தில் ஓரத்தில் சொருகிவிடுவார்கள்.

அந்த லேகியம் வேண்டாம். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து தனியாட்கள் தபாலில் மருந்து தருவிக்க ஜெர்மனியில் அனுமதி இல்லை. அதைவிட முக்கியம், உள்ளே என்ன இருக்கிறது என்பது. 2008ல் அமெரிக்க ஆய்வாளர்கள் இணையத்தில் விற்ற ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. சித்த மருத்துவத்தை நான் குறை சொல்லவில்லை, எங்கள் ஆயா நம்பினதும் அதைத்தான். ஆனால் உலோகத்தையும் தாதுப்பொருளையும் புடம் போட்டுச் செய்கிற பற்பம், செந்தூரம் சேர்ந்த மருந்தை நாடி பார்த்த வைத்தியர் நேரில் கொடுக்க வேண்டும், முகவரி இல்லாத டப்பாவில் கடல் தாண்டி வரக்கூடாது. உங்கம்மா வருத்தப்படுவார். அடுத்த லீவில் நீ ஊருக்கு வரும்போது, ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் எடுத்துக்கொண்டு, அரும்பாக்கம் அண்ணா மருத்துவமனை வளாகத்தில் இருக்கிற அரசு சித்த மருத்துவப் பிரிவில் அவரோடு போய்க் காட்டிவிட்டு வா.