பாகு காய்ச்சாத ஃபட்ஜ்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், பாதாம் விழுதைக் கொண்டு பாகு காய்ச்சாமலே ஃபட்ஜ் என்னும் மென்மையான துண்டு இனிப்பைச் செய்துவிடலாம் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வீட்டில் யாரோ ஒருவர் பத்திய உணவில் இருப்பதால் எழுதப்பட்டவை. பத்தியம் என்ற சொல் ஒன்றாக இருந்தாலும் ஒருவருக்கு ஒத்துக்கொள்வது இன்னொருவருக்கு ஆகாது என்பதால், கேள்விகளைத் தனித்தனியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: பாகு இல்லாமல் ஃபட்ஜ் எப்படி இறுகும்? அடிப்படைச் செய்முறையை அளவுடன் தர இயலுமா?

பதில்: வழக்கமான ஃபட்ஜில் சர்க்கரை, பால், வெண்ணெய் மூன்றையும் 112 முதல் 116 டிகிரி செல்சியஸ் வரை, அதாவது பாகின் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் மென்மையாக உருட்ட வரும் பதம் வரை, காய்ச்சுகிறோம். பிறகு அதை அசைக்காமல் ஏறத்தாழ 45 டிகிரிக்கு ஆறவிட்டு, அதன்பின் விடாமல் கிளறுகிறோம். அப்போது உண்டாகும் மிக நுண்ணிய சர்க்கரைப் படிகங்களே அந்த இனிப்பைத் தாங்கி நிற்கின்றன. எனவே அதில் சர்க்கரையைக் குறைத்தால் சுவை மட்டுமல்ல, உருவமும் போய்விடும். கொட்டை விழுதில் செய்யும் ஃபட்ஜில் இந்தப் படிகங்களுக்கு வேலையே இல்லை. குளிரில் உறையும் கொழுப்புதான் அதை இறுக வைக்கிறது. இனிப்பைக் குறைக்கலாம், மாற்றலாம், அறவே விட்டுவிடவும் செய்யலாம், துண்டு கலையாது. பத்தியக்காரர்களுக்கு இது உகந்ததாக இருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பாதாமில் ஏறத்தாழ பாதி எடை கொழுப்புதான் என்றாலும், அது அறை வெப்பத்தில் திரவமாகவே இருக்கும் கொழுப்பு. ஆகவே பாதாம் விழுதைத் தனியாக எவ்வளவு நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாலும் அது கெட்டிப்படுமே தவிர, துண்டுபோட வராது. 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் தேங்காய் எண்ணெயைச் சேர்ப்பது இதற்காகத்தான்.

250 கிராம் பாதாம் விழுது, கால் கப் (ஏறத்தாழ 55 கிராம்) தேங்காய் எண்ணெய், 3 மேசைக்கரண்டி (60 கிராம்) தேன், ஒரு சிட்டிகை உப்பு, விரும்பினால் அரைத் தேக்கரண்டி வனிலா எசென்ஸ் ஆகியவை போதும். எண்ணெயையும் தேனையும் கை பொறுக்கும் சூட்டுக்கு மட்டும் வெதுவெதுப்பாக்கி, விழுதில் ஊற்றிக் கரண்டியால் மெதுவாகக் கலந்து, தாள் விரித்த சிறிய தட்டில் பரப்பி, குளிர்சாதனப் பெட்டியில் 2 மணி நேரம் வைத்துப் பதினாறு துண்டுகளாக வெட்டிக்கொள்ளலாம்.

விழுதை வீட்டிலேயே அரைப்பவர்கள் பாதாமை 150 டிகிரி ஓவனிலோ மிதமான தீயில் வாணலியிலோ பத்துப் பன்னிரண்டு நிமிடம் வறுத்து, சூடு முற்றிலும் தணியும் முன்பே மிக்ஸியில் இட வேண்டும். முதலில் அது பொடியாகும். பிறகு ஓரங்களில் ஒட்டிக்கொண்டு கட்டியாகத் திரளும். இந்தக் கட்டத்தில் பலரும் பொறுமை இழந்து தண்ணீர் தெளித்துவிடுகிறார்கள். தெளிக்காமல், ஓரங்களை வழித்துவிட்டு, மிக்ஸி சூடேறாதபடி இடைவெளி விட்டு அரைத்துக்கொண்டே போனால், எண்ணெய் தானாகவே வெளிப்பட்டு விழுது பளபளப்பாக இளகி வரும்.

கேள்வி: தேனை ஊற்றியதுமே விழுது பந்தாகச் சுருண்டு, எண்ணெய் தனியே கசிந்துவிட்டது. தூக்கி எறிய மனமில்லை. சரிசெய்ய வழி உண்டா?

பதில்: எறிய வேண்டாம். தேனில் ஏறத்தாழ 17 விழுக்காடு தண்ணீர் இருக்கிறது. எண்ணெயில் மிதந்துகொண்டிருக்கும் கொட்டைத் துகள்கள் அந்தச் சிறிதளவு தண்ணீரை உறிஞ்சி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்போது, இடையில் இருந்த எண்ணெய் வெளியே தள்ளப்படுகிறது. விழுது அதிகச் சூடாக இருந்தாலோ, தேன் சேர்த்த பின்பும் மிக்ஸியில் ஓட்டினாலோ இது இன்னும் விரைவாக நடக்கும். சிக்கலை உண்டாக்கிய தண்ணீரையே மருந்தாகவும் கொடுக்க வேண்டும் என்பது கேட்பதற்கு விந்தையாக இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரை ஒவ்வொரு தேக்கரண்டியாகச் சேர்த்து வேகமாக அடித்துக்கொண்டே வாருங்கள். முதல் கரண்டியில் நிலைமை மோசமாவது போலத் தோன்றும். இரண்டாவது, மூன்றாவது கரண்டிக்குள் தண்ணீர் போதுமான அளவாகி, எண்ணெய் மறுபடியும் உள்ளே இழுக்கப்பட்டு, கலவை வழவழப்பாகிவிடும். அப்படி மீட்ட ஃபட்ஜ் சற்று மென்மையாக இருக்கும். ஈரம் கூடிவிட்டதால் 4, 5 நாட்களுக்குள் தின்று முடித்துவிட வேண்டும்.

கேள்வி: அப்பாவுக்கு நீரிழிவு. தேன் இயற்கையானதுதானே, அவருக்குக் கொடுக்கலாமா? இல்லையென்றால் எந்த மாற்று இனிப்பு நல்லது?

பதில்: இயற்கையானது என்ற சொல்லை நீரிழிவுக்காரர்களிடம் மிகவும் கவனமாகவே பயன்படுத்த வேண்டும். தேனின் எடையில் ஏறத்தாழ 80 விழுக்காடு சர்க்கரைகளே. மேலே சொன்ன அளவில் 16 துண்டு போட்டால், ஒரு துண்டில் தேனிலிருந்து மட்டும் 3 கிராம் சர்க்கரையும், எல்லாம் சேர்த்து 140 கலோரி அளவும் வரும். 3 கிராம் என்பது அஞ்சத்தக்க அளவன்று. ஆனால் ஒரு துண்டோடு நிற்கும் அப்பாவா உங்கள் அப்பா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

மாற்று இனிப்புகளில் எரித்ரிட்டால் இரத்தச் சர்க்கரையை உயர்த்துவதில்லை. ஆனால் அதற்குச் சர்க்கரையின் இனிப்பில் 60 முதல் 70 விழுக்காடு மட்டுமே உண்டு; எண்ணெயில் அது கரையவும் கரையாது. முதன்முறை நான் அதைப் பொடிக்காமல் அப்படியே சேர்த்துவிட்டு, வீட்டில் எல்லோரும் மணலை மெல்வது போல நறநறவென்று மெல்வதைப் பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்தது. மாவைப் போல நைசாகப் பொடித்துச் சலித்து, 50 கிராமுக்கு மேற்படாமல் சேர்த்து, இனிப்பு போதாவிட்டால் சில சொட்டு ஸ்டீவியா விடுவதுதான் சரியான முறை. நாக்கில் லேசான குளிர்ச்சி தட்டுவது அதன் இயல்பு. 2023ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, இரத்தத்தில் எரித்ரிட்டால் அதிகமாக இருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை கூடுதலாக ஏற்பட்டதைக் காட்டியது. அதுவே காரணம் என்று அந்த ஆய்வு நிறுவவில்லை என்றாலும், இதய நோயும் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நாள்தோறும் உண்ண வேண்டாம்.

மால்ட்டிட்டாலைச் சர்க்கரையற்றது என்று நம்பி வாங்காதீர்கள். அது இரத்தச் சர்க்கரையைக் கணிசமாகவே உயர்த்தும், வயிற்றையும் கலக்கும். சைலிட்டால் சுவையில் சர்க்கரைக்கு நிகரானது. ஆனால் அது நாய்களுக்குக் கொடிய நஞ்சு என்பதால், நாய் வளர்க்கும் வீட்டில் அந்த டப்பாவே இருக்கக் கூடாது என்பது என் கருத்து.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மாத்திரையாலோ இன்சுலினாலோ சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிட்டால், அவசரத்துக்கு இந்த ஃபட்ஜைக் கொடுக்காதீர்கள். இதிலுள்ள கொழுப்பு சர்க்கரை உட்கிரகிக்கப்படுவதைத் தாமதப்படுத்தும். அந்த நேரத்தில் வேண்டியது குளுக்கோஸோ சர்க்கரை கரைத்த தண்ணீரோதான்.

கேள்வி: கீட்டோ உணவில் இருக்கிறேன். முந்திரியில் செய்தால் இன்னும் வழவழப்பாக வருமே?

பதில்: வரும், அந்த வழவழப்புக்கு முந்திரியின் மாவுச்சத்தும் ஒரு காரணம் என்பதுதான் சிக்கல். கீட்டோ என்பதே கார்போஹைட்ரேட்டை மிகவும் குறைக்கும் உணவுமுறை; அதில் நார்ச்சத்தைக் கழித்தே கணக்கிடுவார்கள். 100 கிராம் முந்திரியில் ஏறத்தாழ 30 கிராம் கார்போஹைட்ரேட் இருக்கிறது, அதில் நார்ச்சத்து 3 கிராம்தான். பாதாமில் 22 கிராமுக்கு 12 கிராம் நார்ச்சத்து போய்விடும். பீக்கன், மக்கடேமியா என்னும் கொட்டைகளில் இன்னும் குறைவு. பீக்கனில் செய்து பாருங்கள், வறுத்த மணமே தனி.

கேள்வி: எனக்கு நெடுநாளாகக் குடல் அழற்சி. மாவுச்சத்தும் சர்க்கரையும் கூடாது, தேன் சேர்க்கலாம் என்கிறது எனக்குச் சொல்லப்பட்ட உணவுமுறை. என் தோழிக்கும் குடல் தொல்லைதான். அவளுக்கோ தேன் கூடாது என்கிறார்கள். யார் சொல்வது சரி?

பதில்: இருவருக்கும் சொல்லப்பட்டவை இரு வேறு உணவுமுறைகள். உங்களுடையது, அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சிட்னி ஹாஸ், கோதுமைப் புரதம் ஒவ்வாத சீலியாக் என்னும் குடல் நோய்க்காக வகுத்த முறையிலிருந்து வளர்ந்தது. செரிமானத்தில் பிரிக்கப்பட வேண்டிய சர்க்கரைகளையும் மாவுச்சத்தையும் தவிர்த்து, ஏற்கெனவே எளிய நிலையில் உள்ள சர்க்கரைகளை மட்டும் அது அனுமதிக்கிறது. தேனில் இருப்பது பெரும்பாலும் ஃபுருக்டோஸும் குளுக்கோஸுமே என்பதால் உங்களுக்குத் தேன் உண்டு. உங்கள் தோழிக்குச் சொல்லப்பட்டது, மெல்போர்னின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபாட்மேப் குறைந்த உணவுமுறையாக இருக்க வேண்டும். குடலில் எளிதில் உறிஞ்சப்படாமல் தங்கிப் புளித்து வாயுவை உண்டாக்குபவற்றைக் குறைப்பது அதன் நோக்கம். தேனில் குளுக்கோஸைவிட ஃபுருக்டோஸ் மிகுதி என்பதால் அங்கே தேன் விலக்கப்படுகிறது.

ஆகவே நீங்கள் மேற்சொன்ன செய்முறையை அப்படியே செய்யலாம். கோகோ பவுடரை மட்டும் சேர்க்காதீர்கள், உங்கள் முறையில் அதற்கு இடமில்லை. உங்கள் தோழி தேனுக்கு மாற்றாக மேப்பிள் சிரப்பைச் சேர்க்கலாம். அவர் பாதாமையும் மாற்றிவிடுவது நல்லது. அந்த உணவுமுறையில் ஒரு வேளைக்குப் பத்துப் பாதாம்தான் கணக்கு. நம் அளவில் வெட்டிய ஒரு துண்டிலேயே பன்னிரண்டு, பதின்மூன்று பாதாம் அடங்கிவிடுகிறது. முந்திரியும் பிஸ்தாவும் அவருக்கு அறவே ஆகா. வால்நட், பீக்கன், வேர்க்கடலை இவற்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளட்டும். எரித்ரிட்டாலைத் தவிர்த்த மற்ற சர்க்கரை ஆல்கஹால்களும் (மால்ட்டிட்டால், சைலிட்டால் போன்றவை) அவருக்கு வேண்டாம். ஒரே தட்டில் செய்து இருவரும் பங்கிட்டுக்கொள்ளும் ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு முந்திரி ஒவ்வாமை. பிஸ்தாவில் செய்து கொடுக்கட்டுமா?

பதில்: கூடாது. முந்திரியும் பிஸ்தாவும் ஒரே தாவரக் குடும்பம். ஒன்று ஒவ்வாதவர்களுக்கு மற்றதும் ஒவ்வாமல் போவது மிகவும் சாதாரணம். வால்நட்டுக்கும் பீக்கனுக்கும் இதே உறவு உண்டு. வேர்க்கடலை உண்மையில் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது, ஆனாலும் அதற்கும் தனியாகக் கடும் ஒவ்வாமை ஏற்படலாம். எதைத் தின்னலாம் என்பதை ஒவ்வாமை மருத்துவரின் பரிசோதனைதான் முடிவுசெய்ய வேண்டும். வீட்டில் சிறிது கொடுத்துப் பார்ப்போம் என்ற சோதனை வேண்டவே வேண்டாம். அதுவரை சூரியகாந்தி விதையை வறுத்து அரைத்து, இதே அளவில் செய்து கொடுக்கலாம். லேசான கசப்பு இருக்கும், உப்பை ஒரு சிட்டிகை கூட்டினால் அடங்கிவிடும். முந்திரி அரைத்த மிக்ஸி ஜாடியின் பிளேடுக்கு அடியில் தங்கும் பிசுக்கே ஒவ்வாமையைத் தூண்டப் போதும் என்பதால், அவனுக்கென்று தனி ஜாடி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை இருந்தால், தேன் சேர்த்த எதையும் அதன் நாக்கில் தடவாதீர்கள். பாட்டுலிசம் என்னும் கொடிய நோய்க்கு அது வழிவிடக்கூடும்.

கேள்வி: சிறுநீரக நோயாளிகள் இதை உண்ணலாமா?

பதில்: மருத்துவரின் அனுமதியின்றி வேண்டாம். ஒரு துண்டு பாதாம் ஃபட்ஜில் 115 மில்லிகிராம் அளவு பொட்டாசியமும் 75 மில்லிகிராம் அளவு பாஸ்பரஸும் இருக்கும். உங்களுக்கு ஒரு நாளைக்கு விதிக்கப்பட்ட கணக்கில் இதற்கு இடம் உண்டா என்பதை அவர்தான் சொல்ல முடியும். ஆக்சலேட் வகைச் சிறுநீரகக் கல் உள்ளவர்கள் பாதாமைத் தொடாமலிருப்பதே நல்லது.

கேள்வி: வெளியூரில் படிக்கும் மகளுக்கு எடுத்துச் சென்றால் உருகிவிடுகிறது. எத்தனை நாள் கெடாமல் இருக்கும்?

பதில்: தேங்காய் எண்ணெய் சேர்த்த ஃபட்ஜ் பயணத்துக்கு ஏற்றதன்று. அதற்குப் பதிலாகக் கோகோ வெண்ணெயைப் பயன்படுத்துங்கள். அது 34 டிகிரியை ஒட்டித்தான் உருகும். உறைந்தால் அது தேங்காய் எண்ணெயைவிடக் கெட்டியாகும் என்பதால், 55 கிராமுக்குப் பதில் 40 கிராம் போதும். குளிர்சாதனப் பெட்டியில் காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு வாரமும், உறைபெட்டியில் மூன்று மாதமும் இருக்கும். வால்நட்டின் எண்ணெய் மற்றவற்றைவிட விரைவில் சிக்கு வாடை அடித்துவிடும். அதனால் வால்நட் ஃபட்ஜை ஒரு வாரத்துக்கு மேல் உறைபெட்டிக்கு வெளியே வைக்காதீர்கள். மகளுக்குக் கொடுத்தனுப்புவதென்றால், முந்தைய இரவு முழுவதும் உறைபெட்டியில் வைத்துவிட்டு, புறப்படும் நேரத்தில் துண்டுகளுக்கு இடையே தாள் வைத்து அடுக்குங்கள்.